சீஆர் கொப்பி

எங்கள் குழுவில் நான் பாடுவதில்லை.
தொலைபேசி எடுக்கிறேன்.

கீபோட் சஜீபன், கிற்றார் றொட்னி,
பாட்டுக்குத் தர்மினி,
பாட்டுக்கும் கோபத்துக்கும் குகதாஸ்,
ட்றம்ஸ் என் தம்பி.
ஐந்து பேருக்கும் விரல் இருக்கிறது.
நம்பர் அடிக்கத்தான் ஒருவருக்கும் வரவில்லை.
பகலில் எனக்கு மருந்துக்கடை.
ஆறு மணிக்குப் பிறகு இந்தச் சீஆர் கொப்பி.

முதல் பக்கத்தில் சும்மா போன இடங்கள்.
சனசமூக நிலைய ஆண்டு விழா,
பழைய மாணவர் ஒன்றுகூடல்.
"உங்களை நாலு பேர் அறிவினம்" என்றார்கள்.
அறிந்தார்கள்.
அந்த நாலு பேரும்
சும்மாதான் கூப்பிட்டார்கள்.
பொன்னாடை ஏழு சேர்ந்தது.
ஏழையும் ஒட்டித் தைத்து
ட்றம்சுக்கு உறை போட்டோம்.

பிறகு கோயில் மதில் படிக்கத் தொடங்கினேன்.
மகோற்சவ நோட்டீசின் அடியில், பொடி எழுத்தில்,
எந்தத் திருவிழா எவர் உபயம் என்று இருக்கும்.
மூன்றாம் திருவிழா பாரிஸ்.
ஆறாம் திருவிழா ஸ்காபுறோ.
பூங்காவனம் மட்டும் உள்ளூர்,
சுன்னாகத்து இரும்புக்கடை.

பாரிசுக்கு அடித்தேன்.
அங்கே பின்னேரம் மூன்று, பின்னால் கோப்பை கழுவும் சத்தம்.
என்ன விலை என்று கேட்கவில்லை,
என்ன பாட்டு என்றும் கேட்கவில்லை.
"பிள்ளையள் எந்த இடம்?"
அந்தக் கேள்விக்கு அடியில் என்ன கிடக்கிறதென்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
"ஐந்து பேர் அண்ணை, ஐந்து இடம்.
சுருதிதான் ஒன்று."
இணைப்பு அறுந்தது.
அவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தேன்.
வெட்டவில்லை.

வேலை எங்கே பிறக்கிறதென்று தெரிய
ஒரு வருடம் போனது.
மேடையில் பிறப்பதில்லை.
பந்தல்காரரின் லொறியில் பிறக்கிறது.
மணவறை சோடிப்பவர், வீடியோ எடுப்பவர்,
ஜெனறேற்றர் வாடகைக்கு விடும் இன்பராசா,
இவர்களுக்குத்தான் முதலில் தெரியும்
எந்த வீட்டில் பேச்சு முற்றாகிவிட்டது,
எந்த மண்டபம் தையில் காலி.
இன்பராசாவுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை.
எங்களுக்குக் காசு வருமுன்
அவருடைய டீசல் பில்லைக் கட்டிவிடுகிறேன்.

ஆடி வெற்றுத் தாள். புரட்டாதி வெற்றுத் தாள்.
மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஒளிவிழா இருக்கிறது.
வங்கி, பள்ளிக்கூடம், காப்புறுதிக் கம்பனி.
சைவக்காரர் நாலு பேரையும் இருத்தி
றொட்னி கரோல் பழக்கினான்.
திருநீற்றோடு குகதாஸ் பாலனைத் தாலாட்ட
முன்வரிசையில் ஒரு சிஸ்டர் கண் துடைத்தார்.
அந்தப் பக்கத்தில் மூன்று பள்ளிக்கூடம் ஏறின.

கோப்பாயில் ஒரு சாமத்தியவீடு.
பெட்டிகள் இறக்கி, வயர் இழுத்து,
தர்மினி மைக்கில் ஒன்று இரண்டு சொன்னபோது
பக்கத்து வீட்டில் ஒப்பாரி எழுந்தது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
தம்பி தானே வயரைச் சுருட்டினான்.

நாலாம் நாள் தகப்பன் கடைக்கு வந்தார்,
பனடோல் ஒரு கார்ட் வாங்கினார்,
முற்பணத்தைக் கேட்டார்.
அது வானுக்குப் போய்விட்டது.
"காசு இல்லை ஐயா. நாள் இருக்கு,
வைகாசியில் ஒன்றை எடுங்கோ" என்றேன்.
கொப்பியை வாங்கித் தானே புரட்டினார்.
தன் கையெழுத்தில் எழுதினார்.
அந்தக் கையெழுத்து இன்னும் இருக்கிறது,
கோணலாய், என் கோட்டுக்கு வெளியே.

எனக்குக் கடைசியாய் வந்தது விலை சொல்ல.
மூன்று வருடம் "பார்த்துத் தாங்கோ" என்றேன்.
பார்த்தார்கள். தந்தது
பெற்றோலுக்கும் கொத்து ரொட்டிக்கும் சரி.

இன்று சுன்னாகத்து இரும்புக்கடை எடுத்தது.
பூங்காவனம், இரவு ஒன்பது, என்ன மாதிரி?
"ஒரு லட்சத்து இருபது" என்றேன்.
பிறகு வாயை மூடினேன்.
கூட ஒரு சொல் சொன்னால் பத்தாயிரம் விழும்.

அந்தப் பக்கம் தராசில் ஏதோ கம்பி விழுகிறது.
இந்தப் பக்கம் தம்பி மேசையில்
விரலை உயர்த்திப் பிடித்திருக்கிறான்,
அடிக்காமல்.